கொரியாவிலிருந்து தத்துப் போனவர்களின் கூடுகை: முதல் முறை உடன் போகிறவர்களுக்கு

என் கணவர் 1984-ல் ஐந்து மாதக் கைக்குழந்தையாகச் சியோலிலிருந்து மினசோட்டாவுக்கு வந்து சேர்ந்தவர். நான் மதுரைக்காரி, வேலைக்காக இங்கே வந்தவள். கல்யாணமாகி ஏழு வருஷம் வரை அவர் தானாகக் கொரியாவைப் பற்றிப் பேச்செடுத்தது கிடையாது. 2020-ல் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் யாரிடமும் கொடுக்கவில்லை. "என் ஜாடையில் ஒரு முகத்தை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன்" என்றார். அவருக்கு அப்போது வயது 36. எனக்கோ சின்ன வயதிலிருந்து "அப்படியே அத்தை மூக்கு", "நடையைப் பாரு, தாத்தாவேதான்" என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது. அந்தப் பேச்சை ஒருமுறைகூடக் கேட்காமல் ஒருவர் வளர்ந்திருக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்கடுத்த மூன்று ஆண்டுகளில் ஊருக்குள் நடக்கும் சாப்பாட்டுச் சந்திப்பு, ஒரு மாநாடு, 2023-ல் சியோலில் நடந்த பெரிய கூடுகை என்று அவரோடு போய்வந்தேன். அதன் பிறகு தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று சிலர் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவருடைய மருமகள், இன்னொருவருடைய நெருங்கிய தோழி, ஸ்டாக்ஹோமில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கணவர் என்று எல்லாரும் கொரியாவில் பிறந்து வேறு நாட்டில் வளர்ந்தவர்கள். முதல் முறை கூடுகைக்குப் போகிறவரோடு நாம் எப்படிப் போவது, என்ன செய்வது, என்ன செய்யாமல் இருப்பது என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அவர்களுக்கு ஃபோனில் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தமிழில் நமக்குச் சட்டென்று வாயில் வருவது "தத்துப்பிள்ளை". நாற்பது வயதில் தலை நரைக்கத் தொடங்கியவரையும் அந்தச் சொல் பிள்ளையாகவே வைத்திருக்கிறது. கொரிய மொழியிலும் இதே சிக்கல் இருந்தது. முன்பு எல்லாரும் "இப்யாங்-ஆ" என்றார்கள். கடைசியில் வரும் "ஆ" குழந்தையைக் குறிக்கும். வளர்ந்து பெரியவர்களாகித் திரும்பி வந்தவர்கள் "இப்யாங்-இன்" என்று மாற்றிச் சொல்ல வைத்தார்கள். "இன்" என்றால் மனிதர், ஆள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் யாரோ முடிவெடுத்து அனுப்பிவைத்த குழந்தை என்பதிலிருந்து, தன் கதையைத் தானே பேசுகிற ஆள் என்பதற்கு அது அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் தமிழில் "தத்துப் போனவர்" என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். இந்தக் கட்டுரையிலும் அப்படியே.

இன்னொன்று: "உண்மையான அம்மா யார்?" என்று கேட்காதீர்கள். அவருக்கு இரண்டு பேருமே உண்மை. பெற்ற தாய், வளர்த்த தாய் என்ற நம் சொற்களே போதும். அவர் எப்படிச் சொல்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள்.

போவதற்கு முன் இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும்

கொரியப் போர் 1950-லிருந்து 1953 வரை. போருக்குப் பின் முதலில் வெளிநாடு போன குழந்தைகளில் பலர் அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். 1955-ல் ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹோல்ட் தம்பதி எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அந்தச் செய்தி பரவி, அடுத்த ஆண்டே ஒரு தத்தெடுப்பு முகமை உருவானது. போரின் வடு ஆறிய பிறகு இது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, வளர்ந்தது. நாடு தொழில்மயமான காலத்தில் கிராமத்திலிருந்து நகரத்துக்கு ஆலை வேலைக்கு வந்த இளம்பெண்கள், கல்யாணமாகாத தாய்மார்கள், ஏழைக் குடும்பங்கள் என்று குழந்தைகள் வரும் வழி மாறியதே தவிர, விமானங்கள் போய்க்கொண்டே இருந்தன. குடும்பத் தலைமையில் ஆணுக்கே முதலிடம் தந்த ஹோஜு சட்டமுறை 2008-ல்தான் அங்கே ஒழிந்தது. அதுவரை, தனியாகப் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காகிதத்தில்கூட ஒழுங்கான இடம் கிடையாது.

உச்சம் 1980-கள். 1985-ல் மட்டும் 8,800-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு போனார்கள். அப்போது கொரியா வறிய நாடு அல்ல, 1988 ஒலிம்பிக்கை நடத்தத் தயாராகிக்கொண்டிருந்த நாடு. என் கணவர் பிறந்ததும் அந்த ஆண்டுகளில்தான். மொத்தக் கணக்கில் சுமார் இரண்டு லட்சம் பேர். பெரும்பங்கு அமெரிக்காவுக்கு, மற்றவர்கள் பிரான்ஸ், ஸ்வீடன், டென்மார்க், நார்வே, நெதர்லாந்து, பெல்ஜியம், ஆஸ்திரேலியா என்று போனார்கள். மினசோட்டாவில் இவர்கள் அடர்த்தியாக இருக்கிறார்கள்.

இவர்கள் வளர்ந்து ஒருவரையொருவர் தேடத் தொடங்கினார்கள். ஸ்வீடனில் 1986-லேயே சங்கம் வைத்தார்கள். டென்மார்க்கில் 1990-ல் கொரியா கிளப்பன். நியூயார்க், சியாட்டில், பாரிஸ் என்று 1990-களில் வரிசையாக வந்தன. 1999 செப்டம்பரில் வாஷிங்டனில் ஏறத்தாழ 400 பேர் ஒரே இடத்தில் கூடினார்கள். தத்தெடுத்த பெற்றோரோ முகமை அதிகாரிகளோ நடுநாயகமாக இல்லாமல், தத்துப் போன பெரியவர்களுக்காக நடந்த முதல் பெரிய கூடுகை அது. 2001-ல் ஆஸ்லோ, 2004-ல் சியோல். அந்த ஆண்டில்தான் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து இக்கா என்ற கூட்டமைப்பை அமைத்தன. அதிலிருந்து சியோல் கூடுகை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவந்தது. கொரோனாவால் தள்ளிப்போய் 2023-ல் நடந்ததுதான் நாங்கள் போனது.

பெரிய கூடுகைக்கு முன்னால் ஒரு சின்னச் சாப்பாடு

நான் எல்லாருக்கும் அழுத்திச் சொல்வது இதுதான். சியோலுக்கு டிக்கெட் போடுவதற்கு முன், உங்கள் ஊரில் நடக்கும் சிறிய சந்திப்பு ஒன்றுக்கு அவர் போய்வரட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கொரிய உணவகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பெரும்பாலான சங்கங்கள் இப்படித்தான் இயங்குகின்றன.

ஏன் முதலில் சின்னது? இவர்களில் பலர் வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருக்கும் ஊர்களில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் முழுக்க ஒரே ஓர் ஆசிய முகம், அது தன்னுடையது. ஓர் அறைக்குள் நுழைந்து அங்கே இருக்கும் அத்தனை பேரும் தன்னைப் போலவே இருப்பதைப் பார்ப்பது சிலருக்குத் தாங்க முடியாத அனுபவம். என் கணவர் முதல் நாள் கார் நிறுத்துமிடத்திலேயே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். நான் பேசவில்லை, கிளம்பவும் சொல்லவில்லை. பிறகு அவரே கதவைத் திறந்து இறங்கினார். இப்படி நடந்தால் அவசரப்படுத்தாதீர்கள். "சரி, திரும்பிப் போயிடலாம்" என்றும் நீங்களாகச் சொல்லாதீர்கள். சும்மா கூட இருங்கள்.

அந்த மேசையில் சிலருக்குச் சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியாது. கிம்ச்சி காரம் தாங்காது. கொரிய மொழி ஒரு வார்த்தை வராது. வேறு எங்கேயாவது என்றால் "கொரியாக்காரர்தானே, இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்வி வரும். இங்கே வராது. நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை?" என்பது. அந்த இரண்டுக்குமே பதில் இல்லாதவர்கள் கூடும் இடத்தில் கேள்விகள் வேறு: எந்த வருஷம் வந்தீர்கள்? எந்த முகமை? எந்த ஊரில் கண்டெடுத்ததாக எழுதியிருக்கிறது? கே நம்பர் என்ன? கே நம்பர் என்பது முகமை ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுத்த கோப்பு எண். அதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் தன்னுடையதைச் சொல்வார். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இருவரும் ஒரே வாரத்தில் பதிவானவர்களாக இருக்கலாம், ஒரே விமானத்தில்கூட வந்திருக்கலாம். அப்படி ஒருவரை என் கணவர் மூன்றாவது சந்திப்பில் கண்டுபிடித்தார். இன்றைக்கு அவர் எங்கள் மகளுக்குச் சித்தப்பா முறை.

எந்தக் கூட்டத்துக்குப் போவது

எல்லாக் கூட்டமும் ஒன்றல்ல, பதிவு செய்வதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கான் (KAAN) என்ற அமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் மாநாட்டில் தத்துப் போனவர்களோடு வளர்த்த பெற்றோர், துணைவர், பிள்ளைகள் எல்லாரும் கலந்துகொள்ளலாம். குடும்பமாகப் போவதற்கு ஏற்றது. இக்கா கூடுகைகளின் மையம் தத்துப் போனவர்கள் மட்டுமே. துணைவருக்கு எந்தெந்த நிகழ்ச்சியில் இடம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பதிவுப் படிவத்தில் துணைவருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்க முயல வேண்டாம். அங்கங்கே நடக்கும் சிறு கூடுகைகள் வாரக் கடைசியோடு முடிந்துவிடும், செலவும் குறைவு. முதல் முறைக்கு நல்லவை.

கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே பார்க்க வேண்டிய காகிதங்கள்

அமெரிக்காவில் வளர்ந்தவராக இருந்தால் முதலில் குடியுரிமையைச் சரிபாருங்கள். கேட்கவே விசித்திரமாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. தத்தெடுத்த பெற்றோர் தனியாக விண்ணப்பித்தால்தான் குழந்தைக்குக் குடியுரிமை என்று பல பத்தாண்டுகள் விதி இருந்தது. சிலர் விண்ணப்பிக்கவே இல்லை. 2000-ல் வந்த சட்டம் இதைத் தானாக நடக்கும்படி மாற்றியது. ஆனால் அது அமலுக்கு வந்த 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும். அதற்கு முன்னரே பெரியவர்களாகிவிட்டவர்களில் இன்றைக்கும் குடியுரிமை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டும் இருக்கிறார்கள். அமெரிக்க பாஸ்போர்ட் கையில் இருந்தால் கவலையில்லை. பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை, குடியுரிமைச் சான்றைப் பார்த்ததில்லை என்றால், குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் நாட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது.

அடுத்தது கோப்பு. வளர்த்த வீட்டில் இருக்கும் காகிதங்களும் கொரியாவில் இருக்கும் காகிதங்களும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல பேருக்கு இரண்டிலும் வேறு வேறு கதை. முன்பு ஹோல்ட், ஈஸ்டர்ன், கேஎஸ்எஸ் போன்ற முகமைகளுக்கு நேரடியாக எழுதுவார்கள். 2025 ஜூலையிலிருந்து கொரியாவில் தத்தெடுப்பு முழுக்க அரசின் பொறுப்புக்கு வந்துவிட்டது. முகமைகளிடம் இருந்த பதிவேடுகள் அரசின் தேசிய சிறார் உரிமை மையத்திடம் போயின. இப்போது விண்ணப்பிக்க வேண்டியது அங்கேதான். பழைய குறிப்புகள் பல இன்னும் முகமையின் வாசலுக்கே அனுப்பும், ஏமாந்துவிடாதீர்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால்தான் ஆறு மாதம் என்கிறேன்.

கோப்பு வந்ததும் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிவையுங்கள். கொரியப் பெயர் முகமை எழுத்தர் வைத்ததாக இருக்கலாம். பிறந்த தேதி உத்தேசக் கணக்காக இருக்கலாம். "அனாதை" என்று தனிப் பதிவேடு போட்டு அனுப்பிய குழந்தைகளில் பெற்றோர் உயிரோடு இருந்தவர்கள் உண்டு. இது வதந்தி அல்ல. டென்மார்க்கில் வளர்ந்தவர்கள் 2022-ல் முன்னெடுத்துப் போக, பதினோரு நாடுகளிலிருந்து 367 பேர் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் முறையிட்டார்கள். 2025 மார்ச்சில் ஆணையம் 56 பேரை மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்கள் என்று ஏற்றது. பொய் அனாதைப் பதிவு, ஒரு குழந்தையின் அடையாளத்தில் இன்னொரு குழந்தையை அனுப்பியது, முறையான சம்மதம் வாங்காதது என்று எல்லாவற்றையும் எழுதி, அரசு தன் கடமையில் தவறியது என்று சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் லீ ஜே-மியுங் மன்னிப்புக் கேட்டார். 1998-ல் அதிபர் கிம் டே-ஜுங் ஒருமுறை கேட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே 27 ஆண்டுகள்.

என் கணவரின் கோப்பில் "தாய் விருப்பப்பட்டுக் கொடுத்தார்" என்று ஒரு காகிதமும், "காவல் நிலைய வாசலில் கண்டெடுக்கப்பட்டார்" என்று இன்னொரு காகிதமும் இருந்தன. இரண்டும் ஒரே ஆளைப் பற்றி, ஒரே வாரத்தில் எழுதியவை. அன்றிரவு அவர் இரண்டையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது டிஎன்ஏ. கோப்பில் பெற்றோர் விவரம் ஏதும் இல்லாதவர்கள் கொரியா போகாமலேயே மாதிரி கொடுக்கலாம். 2020-லிருந்து வெளிநாட்டுக் கொரியத் தூதரகங்கள் வழியாக இது நடக்கிறது. முதலில் மையத்திடம் விண்ணப்பித்துத் தகுதிச் சான்று வாங்க வேண்டும், பிறகு தூதரகத்தில் நேரம் குறித்துப் போக வேண்டும். பிள்ளையைத் தேடும் கொரியப் பெற்றோர் அங்கே காவல் நிலையத்தில் மாதிரி கொடுக்கிறார்கள், இரண்டையும் ஒப்பிடுவார்கள். கடையில் கிடைக்கும் டிஎன்ஏ பெட்டியையும் செய்துவையுங்கள். அம்மா கிடைக்காவிட்டாலும், வேறொரு நாட்டுக்குத் தத்துப் போன அக்காவோ அத்தை மகனோ கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். 325காம்ரா என்ற தன்னார்வக் குழு இதற்கு உதவுகிறது.

உள்ளே என்ன நடக்கும், வெளியே நீங்கள் என்ன செய்வீர்கள்

முதல் மாலையின் வரவேற்பு நினைவை விட்டுப் போகாது. சட்டையில் குத்திய பெயர் அட்டையில் வளர்ந்த நாட்டுப் பெயர், கொரியப் பெயர், நாடு. ஒரே மாதிரி முகங்கள், ஆனால் ஒருவர் டேனிஷ் சாயலில் ஆங்கிலம் பேசுவார், இன்னொருவர் பிரெஞ்சு சாயலில். எழுபது வயதை எட்டும் முதல் தலைமுறைக்காரர்கள் ஒரு மூலையில் இருப்பார்கள். அவர்களில் சிலர் கலப்பினத்தவர் என்பதாலேயே சின்ன வயதில் கொரியத் தெருக்களில் கல்லடி பட்டவர்கள். அவர்களுக்கு அங்கே பிறந்த வீட்டின் நினைவு உண்டு, சிலருக்கு அம்மாவின் குரல்கூட நினைவிருக்கும். கைக்குழந்தையாகப் போனவருக்கு அது எதுவும் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள்.

கூடுகையின் உயிர், வட்டமாக உட்கார்ந்து பேசும் சிறு அமர்வுகளில்தான் இருக்கிறது. வயது வாரியாகப் பிரிப்பது வழக்கம். கதவு சாத்தப்படும். பத்திரிகையாளர், ஆய்வாளர், துணைவர் யாரும் உள்ளே கிடையாது. முதல் நாள் எனக்கு இது சற்று வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பத்து வருஷம் கூட வாழ்ந்தவள், எனக்குச் சொல்லாததை முன்பின் தெரியாத முப்பது பேரிடம் சொல்லப்போகிறாரா என்று இருந்தது. இரண்டாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நார்வேக்கார மாமியிடம் இதைச் சொன்னேன், அவருடைய கணவரும் உள்ளே இருந்தார். "நம்மிடம் சொல்வதானால் முதலிலிருந்து விளக்க வேண்டும். அங்கே விளக்க வேண்டியதில்லை" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கதவு உறுத்தவில்லை. குடும்பத்தில் சர்க்கரை வியாதி உண்டா என்று டாக்டர் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் "தெரியாது" என்று சொல்வது எப்படியிருக்கும், பிறந்தநாளன்று ஏன் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, வளர்த்தவர்கள் மனம் நோகுமே என்று எத்தனை வருஷம் தேடாமல் இருந்தோம் என்பதெல்லாம் உள்ளே பாதி வாக்கியத்திலேயே புரிந்துவிடும்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியவை எளிது. அமர்வு முடிந்து வருகிறவரிடம் "என்ன பேசினீங்க?" என்று கேட்காதீர்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். பசிக்கிறதா என்று கேளுங்கள். குழந்தை இருந்தால் முழுப்பொறுப்பும் அந்த வாரம் உங்களுடையது. இரவு பாட்டு அறைக்கும் சாப்பாட்டுக்கும் கும்பலாகக் கிளம்பி விடியற்காலை மூன்று மணிக்கு வருவார்கள், முகம் சுளிக்க வேண்டாம். பதின்ம வயதில் கிடைத்திருக்க வேண்டிய கூட்டாளிகள் இப்போது கிடைத்திருக்கிறார்கள். அவர் குடியை விட்டவர் என்றால் மட்டும் முன்கூட்டியே பேசிவையுங்கள். அங்கே சோஜு தாராளமாக ஓடும். குடிக்காதவர்களுக்கும் அங்கே சேர்க்கை உண்டு, கேட்டால் சொல்வார்கள்.

சொல்லக் கூடாதவை

"எவ்வளவு அதிர்ஷ்டம், நல்ல நாட்டுக்கு வந்துட்டீங்க." இந்த வாக்கியத்தை அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறார்கள். நன்றிக்கடனாக வாழ்நாள் முழுதும் சிரித்த முகம் காட்ட வேண்டும் என்ற பாரம் அதில் இருக்கிறது. வளர்த்தவர்களை உயிராக நேசிப்பவரும் இழந்ததற்காக அழலாம்.

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு." என் பெரியம்மா ஃபோனில் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அவர் தேடாமல் இருந்த காலத்தைக் குறித்து இதைச் சொன்னால், தேடாதவர் கல்நெஞ்சர் என்றாகிறது. தேடுகிற காலத்தில் சொன்னால், "அப்படியானால் என்னைப் பெற்றவளுக்கு ஏன் பித்து இல்லை?" என்ற கேள்வி எழும். நான் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன். வீட்டுப் பெரியவர்களிடம் பயணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பெற்ற தாயைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, ஏசவும் வேண்டாம், தெய்வமாக்கவும் வேண்டாம். கையெழுத்துப் போட்டது அவரா, அவருடைய அப்பாவா, மாமியாரா என்பதுகூடப் பல கோப்புகளில் தெளிவாக இல்லை.

சியோலில்

ஜூலையில் அங்கே மழைக்காலம், கூடவே புழுக்கம். நாங்கள் போனபோது கூகுள் மேப் நடந்து போக வழி காட்டாமல் தவிக்க வைத்தது, நேவர் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். டாக்ஸி ஓட்டுநரும் கடைக்காரப் பாட்டியும் உங்களவரிடம் கொரிய மொழியில் பொழிந்துவிட்டு, பதில் வராததும் விழிப்பார்கள். "சோனுன் இப்யாங்-இன் இம்னிடா" (நான் தத்துப் போனவன்) என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். சிலர் கையைப் பிடித்துக்கொண்டு "மியான்ஹே" என்பார்கள், மன்னித்துக்கொள் என்று பொருள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பதும் அந்தப் பயணத்தில் ஒரு பகுதிதான்.

ஒரு நாள் சந்தையில் எங்கள் மகள் "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். மீன் விற்ற பாட்டி பூரித்துப்போய் அவளிடம் கொரிய மொழியில் பேசத் தொடங்கிவிட்டார். அங்கேயும் அப்பாவுக்கு "அப்பா"தான், அம்மாவுக்கு "ஒம்மா". என் கணவர் ஐந்து மாதத்தில் இழந்த மொழியின் ஒரு சொல்லை மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கோப்பைப் பார்க்கப் போவது, கண்டெடுத்ததாகச் சொல்லும் இடத்துக்குப் போவது, வளர்ப்புத் தாயைச் சந்திப்பது ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வளர்ப்புத் தாய் என்று இங்கே சொல்வது, விமானம் ஏறும் வரை சில மாதங்கள் குழந்தையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட பெண்ணை. பெற்றவர் கிடைக்காத பலருக்கு இவர் கிடைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும். தத்துப் போனவர்களே 1998-ல் சியோலில் தொடங்கிய கோல் என்ற அமைப்பிடம் முன்கூட்டியே கேளுங்கள். அங்கே தங்கி வாழ உதவும் எஃப்-4 விசா, 2011-லிருந்து கிடைக்கும் இரட்டைக் குடியுரிமை பற்றியும் அவர்களிடம் விசாரிக்கலாம்.

முடிந்தால் ஒரு நாள் பாஜு போய்வாருங்கள். பழைய அமெரிக்க ராணுவ முகாம் இருந்த இடத்தில் 2018-ல் இவர்களுக்காகத் திறந்த பூங்கா அது. பெயர் "ஒம்மா பும்", அம்மாவின் அணைப்பு. கூட்டம் இருக்காது. அவர் தனியாக நடக்கட்டும்.

கடிதமும் காத்திருப்பும்

மையம் பெற்றவரின் முகவரியைக் கண்டுபிடித்தால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பும். அவர் சம்மதித்தால்தான் பெயரும் முகவரியும் உங்களவருக்குக் கிடைக்கும். சம்மதிக்காமலும் போகலாம், பதிலே வராமலும் போகலாம். இன்றைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாத ரகசியமாக அந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டிருக்கலாம். கடிதம் போகும் முன்பே இந்த எல்லாச் சாத்தியத்தையும் இருவரும் சேர்ந்து வாய்விட்டுப் பேசிவிடுங்கள். சந்திப்பு நடந்தாலும் அது சினிமா காட்சிபோல முடிவதில்லை. அதற்கடுத்த வருஷங்களில் மொழி, பணம், எதிர்பார்ப்பு என்று நீண்ட வேலை இருக்கிறது. அங்கே கூடுகையில் கிடைத்த நண்பர்கள்தான் நம்மைவிட நன்றாக வழிசொல்வார்கள்.

திரும்பி வந்த வாரம்

இதற்கு யாரும் என்னைத் தயார்செய்யவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். வந்த மறுநாளே அலுவலகம் என்று வைக்காதீர்கள். ஒரு வாரம் எல்லாருக்கும் நடுவே ஒருவராக இருந்துவிட்டு, மறுபடி ஊரில் ஒற்றை முகமாக நிற்கும்போது ஒரு சரிவு வரும். தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும், பேச்சு நின்றுபோகும். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஸ்வீடனில் 2002-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, வெளிநாட்டிலிருந்து தத்துவந்தவர்களிடம் தற்கொலை முயற்சி மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம் என்று காட்டியது. தத்தெடுப்பைப் பற்றிப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரைப் பாருங்கள், தானே தத்துப் போனவராக இருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது. உள்ளூர்ச் சங்கத்தில் கேட்டால் சொல்வார்கள். அமெரிக்காவில் அவசரமென்றால் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இதில் பல விஷயங்கள் கொரியாவோடு நிற்பவை அல்ல. இலங்கையிலிருந்து நெதர்லாந்துக்கும் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் தத்துப் போனவர்களும் இன்று பெரியவர்களாகித் தங்கள் கோப்புகளைத் தேடுகிறார்கள். 2021-ல் நெதர்லாந்து அரசின் விசாரணைக் குழு இலங்கைத் தத்தெடுப்புகளிலும் மோசடிகள் நடந்ததை எழுதியது. அப்படி ஒருவரைத் தெரிந்தால் இதை அவருக்கேற்ப மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். மையத்திடம் கொடுத்த முகவரி, ஃபோன் எண், மின்னஞ்சல் எது மாறினாலும் உடனே தெரிவியுங்கள். பதில் இரண்டு மாதத்திலும் வரலாம், பத்து வருஷம் கழித்தும் வரலாம். டிஎன்ஏ பொருத்தமும் அப்படித்தான். போன ஆண்டு நாங்கள் வீடு மாறினோம். மின்சாரக் கம்பெனிக்கும் மகளின் பள்ளிக்கும் சொல்வதற்கு முன்பு, பெட்டிகள் பிரிக்காமல் கிடந்த முதல் ராத்திரியே, என் கணவர் தரையில் உட்கார்ந்து அந்தப் படிவத்தைத்தான் நிரப்பினார்.